ஹேண்ட்பிரேக் போட்டு ஒரு வணக்கம்

என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் எல்லா ரகமும் உண்டு. எதிரே லாரி வந்தால் கண்ணை இறுக மூடிக்கொண்ட ஜவுளிக்கடைக்காரர், பிரேக்குக்குப் பதிலாக என் காலை மிதித்த வாத்தியார், ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் குலசாமியைக் கூப்பிட்ட மண்டிக்காரர் என்று ஒரு பெரிய கூட்டத்தையே பார்த்திருக்கிறேன். ஆனால் ஓடுகிற வண்டியில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, தலையையும் குனிந்து வணக்கம் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அவர் மாட்டு டாக்டர். கம்பைநல்லூர்ப் பக்கம் அரசாங்க மாட்டாஸ்பத்திரியில் வேலை. பெயரை நான் எழுதப்போவதில்லை. நேரில் கேட்டிருந்தால் தன் பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர், அன்று காலை சிறுநீரைச் சோதித்தபோது சர்க்கரை என்ன நிறம் காட்டியது என்பது வரை அவரே சொல்லியிருப்பார். அவரோடு இருந்த தொல்லையே அதுதான். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. வணக்கம் வைத்தால் வணக்கம், கேள்வி கேட்டால் பதில், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் பதிலுக்கு ஒரு ஹாரன். பேச்சுக்குக் கேட்பது என்று ஒன்று இருக்கிறதே, அது அவருக்குத் தெரியவே தெரியாது.

எண்பதுகளின் நடுவில் நான் தர்மபுரி டவுனில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராக இருந்தேன். முப்பது வயது. பேன்ட்டில் மடிப்புக் கலையாது, சட்டைப் பையில் எப்போதும் ஒரு கூலிங் கிளாஸ். ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவன் எவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருந்தாலும் என்னை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். எட்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் உடம்பு ஒரு சுற்றுப் பெருக்கும்.

முதல் நாள் டாக்டர் ஆபீசுக்குள் நுழைந்ததும் முதலாளி மரியாதைக்காக, “வாங்க டாக்டர், நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டார். ஊரில் எல்லாரும் கேட்பதுதான். இருக்கேங்க என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டியதுதானே? அவர் நின்றபடியே யோசித்தார்.

“நல்லா இருக்கேன்னு சொல்ல முடியாதுங்க. சக்கரை இருக்குது. காலையில ஒரு ஊசி, சாயந்திரம் ஒரு ஊசி, நானே போட்டுக்கறேன். எடது முட்டி முழுசா மடங்காது, காளை ஒண்ணு ஒதைச்சுது. அப்புறம் சின்ன வயசுல இருந்தே எனக்கு மனசு ஒரு எடத்துல நிக்காதுங்க. ஒண்ணைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே இன்னொண்ணுக்குப் போயிரும். இதையெல்லாம் வெச்சுக்கிட்டு ஜீப்பு ஓட்ட முடியுமான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்.”

முதலாளியின் டீ ஆறிப்போயிற்று. நான் பீரோ மறைவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஊரெல்லாம் சர்க்கரையை மறைத்துக்கொண்டு கல்யாணப் பந்தியில் ஜாங்கிரி தின்கிறது, இந்த ஆள் என்னவென்றால் கேட்காத நோயையும் சேர்த்து வாசிக்கிறாரே என்று சிரிப்பு.

சிரித்த என் பேன்ட் பாக்கெட்டில் பேப்பரில் மடித்த வெள்ளை மாத்திரைகள் நான்கு கிடந்தன. பதினாலு வயதிலிருந்து எனக்கு வலிப்பு உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை, சில வருஷம் இரண்டு தடவை வரும். அம்மாவுக்குத் தெரியும். மனைவிக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம் தெரிந்தது, அதுவும் நான் சொல்லி அல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி, “உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்லீங்க” என்றேன். அவ்வளவுதான், மாஸ்டர் ஆகிவிட்டேன். மாத்திரை போட்டால் தூக்கம் தூக்கமாக வருகிறது என்று வாரத்தில் பாதி நாள் அதையும் போடுவதில்லை.

டாக்டருக்கு இரண்டாவது நாள் பாடம் சேலம் ரோட்டில். அதியமான்கோட்டை தாண்டி வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வந்த ஒருவர், “கும்புடறேன் டாக்டரய்யா!” என்றார். உடனே இவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். வண்டி நேராகப் புல்லுக்கட்டைப் பார்த்துக் கிளம்பியது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அன்றைக்கு அது இல்லாவிட்டால் அந்த மனிதர் புல்லோடு போயிருப்பார்.

“ஏன் சார், ஒரு கையத் தூக்கினாப் போதாதா?” என்று கத்தினேன்.

“ஒத்தக் கையில கும்புடறது மரியாதை இல்லீங்களே தம்பி. பாருங்க, அவுரும் ரெண்டு கையும் எடுத்துத்தான் கும்புட்டாரு” என்றார் நிதானமாக.

உண்மைதான். அந்த ஆளும் இரண்டு கையையும் எடுத்திருந்தார். சைக்கிளோடு பள்ளத்தில் கிடந்தார். பள்ளத்தில் கிடந்தபடியே, செவலை மாடு நாலு நாளாகத் தீனி எடுக்கவில்லை என்றார். டாக்டர் கதவைத் திறந்து இறங்கிப் போய் அவரைத் தூக்கி நிறுத்தி, சாணி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தார். கால் மணி நேரம் நடு ரோட்டில் என் வண்டி நின்றது.

மனிதர்கள் கும்பிடாத இடத்தில் மாடுகள் இருந்தன. ரோட்டோரம் எந்த மாட்டைப் பார்த்தாலும் அவர் கண் அங்கே போய்விடும். கண் போன பக்கம் ஸ்டியரிங் போகும். “அந்தக் கெடாரிக்குப் பின்னங்கால் இழுக்குது, குளம்பைப் பாருங்க” என்பார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே, “நீங்க ரோட்டைப் பாருங்க சார், கெடாரி தன் குளம்பைத் தானே பார்த்துக்கும்” என்பேன். தர்மபுரி மாவட்டத்தில் மாடு இல்லாத ரோடு எது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தண்டவாளம் ஒன்றுதான் மிச்சம்.

ஒரு வாரம் கழித்து நானே கேட்டேன், “இத்தனை கஷ்டப்பட்டு உங்களுக்கு எதுக்கு சார் ஜீப்பு? ஒரு டிரைவர வெச்சுக்குங்களேன்” என்று. கேட்ட பிறகுதான் ஐயோ, பதில் சொல்வாரே என்று தோன்றியது.

சொன்னார். முன்னால் அவரிடம் மோட்டார் சைக்கிள் இருந்திருக்கிறது. ஒரு நாள் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பி, வழியில் சர்க்கரை இறங்கி, வண்டியோடு சோளக் காட்டில் விழுந்திருக்கிறார். அதோடு பைக்கை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று ஆள் வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்து, இறங்கி நடந்து போய்ச் சேர மூன்று மணி நேரம். பசுவும் போயிற்று, கன்றும் போயிற்று. அந்த வீட்டுக்கு அந்த ஒரு பசுதான். அந்த அம்மாள் அழக்கூட இல்லையாம்.

“இத்தினி நேரம் எங்க இருந்தீங்கன்னு கேட்டாங்க தம்பி. பஸ் ஸ்டாப்புலன்னு எப்படிச் சொல்றது? எனக்கு வாய் வரலீங்க. என் வாழ்க்கையில நான் பதில் சொல்லாம வந்தது அந்த ஒரு எடத்துலதான். டிரைவர் வெச்சாலும் அவுரு அன்னைக்குன்னு லீவுல இருப்பாரு. நானே ஓட்டணும். ஆனா ஓட்டி யாரையும் கொல்லக் கூடாது. அதுக்கு என்னென்ன செய்யணுமோ சொல்லுங்க, செய்யறேன்.”

நான் எல்லாருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். “கவனமா ஓட்டுங்க சார், அது போதும்.”

“அது எனக்கு உபயோகப்படாதுங்க” என்றார். “கவனம் வை, கவனம் வைன்னு எங்கப்பாரு சொன்னாரு, வாத்தியாருங்க அத்தனை பேரும் பெரம்பு வெச்சுக்கிட்டு சொன்னாங்க. வெக்கத் தெரிஞ்சா வெச்சிருக்க மாட்டனா? நான் மாட்டைப் பார்க்கறப்ப, கண்ணு, வாயி, வயிறு, மடி, காலுன்னு வரிசையா வாய்விட்டுச் சொல்லித்தான் பார்ப்பேன். சொல்லலைன்னா ஒண்ணை வுட்டுருவேன். அந்த மாதிரி ரோட்டுக்கு ஒரு வரிசை இருக்குதுங்களா?”

எனக்குக் கோபம். மாஸ்டருக்கே பாடமா? கேலியாகச் சொன்னேன். “இருக்குதே. முன்னால என்ன, எடது பக்கம் என்ன, வலது பக்கம் என்ன, கண்ணாடியில என்ன, எல்லாத்தையும் ரேடியோவுல கிரிக்கெட் சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே ஓட்டுங்க. வணக்கம் வெக்கணுமா? கையைக் காட்டி, வண்டிய ஓரங்கட்டி, நியூட்ரல் பண்ணி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சாவிய அணைச்சுட்டு, அப்புறம் விழுந்துகூடக் கும்புடுங்க.”

பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். வணக்கத்துக்கு நான் சொன்ன ஐந்தையும் வரிசை எண் போட்டு எழுதினார். கேலி செய்கிறவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது.

மறுநாளிலிருந்து அப்படியே செய்தார். “முன்னால மாட்டு வண்டி. எடது பக்கம் ரெண்டு பள்ளிக்கூடப் புள்ளைங்க. வலது பக்கம் ஒண்ணும் இல்ல. கண்ணாடி. பின்னால பஸ்” என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே ஓட்டினார். யாராவது கும்பிட்டால் ஐந்து காரியங்களையும் முடித்துவிட்டுத்தான் கை மேலே வரும். கும்பிட்டவர் அதற்குள் அரை பர்லாங் போயிருப்பார். இவர் அவர் முதுகுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி சாவியைத் திருப்புவார். அதியமான்கோட்டையிலிருந்து டவுனுக்கு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. கூடை சுமந்து நடந்து வந்த கீரைக்காரம்மா எங்களை இரண்டு தடவை தாண்டிப் போனார்.

போதாததற்கு, இட்லி தின்று அரை மணி ஆன பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொடுவார். சட்டைப் பையில் பேப்பரில் சுற்றிய வெல்லம். பாதி வழியில், “கை லேசா நடுங்குதுங்க தம்பி” என்று ஓரங்கட்டி, வெல்லத்தைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். நடுக்கம் நின்று பத்து நிமிஷம் ஆனால்தான் கிளம்புவார். நான் ஆபீசில் மற்றவர்களிடம் இதையெல்லாம் நடித்துக் காட்டுவேன். வெல்லம் கடிப்பதை நான் நடித்தால் முதலாளிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஐந்தும் வந்த பிறகு அவர் வண்டியில் நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கவே இல்லை. இதை மட்டும் நான் யாரிடமும் நடித்துக் காட்டவில்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் காலை பொம்மிடி ரோட்டில் ஒரு ஏரிக்கரை மேல் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு நினைவிருப்பது, அவர் “வலது பக்கம் ஏரி” என்று சொன்னது வரைதான். அடுத்து நினைவுக்கு வரும்போது நான் ஒரு புளியமரத்தடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். நாக்கு கடிபட்டிருந்தது. ஆடு மேய்க்கிற ஒரு பெண் கையில் அரிவாளோடு பக்கத்தில் நின்றார். எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பார்கள்.

“அருவா வேணாங்கம்மா, கைய வெட்டிக்குவாரு. தூர வெச்சுருங்க” என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பேயிங்களா சாமி?”

“பேய் இல்லீங்கம்மா, வலிப்பு. மாட்டுக்குக்கூட வரும்.”

மாஸ்டர் என்று தர்மபுரி டவுனே கூப்பிட்ட என்னை அவர் மாட்டு வரிசையில் நிறுத்தியது அந்த நிலையிலும் எனக்குச் சுருக்கென்றது.

நடந்தது என்னவென்று பிறகு நான் கேட்டு அவர் சொன்னார். என் கால் விறைத்து என் பக்கத்துக் கிளட்ச்சை அழுத்திக்கொண்டதாம். உடம்பு சரிந்து ஸ்டியரிங் மேல் விழுந்து, வண்டி ஏரிப் பக்கம் திரும்பியதாம். அவர் என்னைத் தோளால் தள்ளிக்கொண்டே, “மாஸ்டருக்கு வலிப்பு. பின்னால யாரும் இல்ல. எடது பக்கம் புளியமரம், அதுக்கு இந்தாண்ட வெறும் நெலம்” என்று வாய்விட்டுச் சொல்லி, பிரேக்கை மெதுவாக மிதித்து, இடது பக்கம் ஓரங்கட்டி, நியூட்ரல் பண்ணி, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை அணைத்திருக்கிறார். கையைக் காட்டத்தான் முடியவில்லை என்று வருத்தப்பட்டார். என்னை இறக்கிப் படுக்க வைத்து, மூன்று நிமிஷம் வலித்தது என்று கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்தும் வைத்திருந்தார். ஒரு எட்டு அடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆகியிருந்தால் இரண்டு பேரும் ஏரிக்குள்.

நான் எழுந்து வண்டியை எடுக்கப் போனேன். சாவியைத் தர மறுத்துவிட்டார். லைசென்ஸ் இல்லாமல், பக்கத்தில் சரியான மாஸ்டர் இல்லாமல் ஓட்டுவது தப்பு என்று தானும் ஓட்டவில்லை. அந்த வழியாகச் சைக்கிளில் வந்த ஒரு டிராக்டர் டிரைவர் அவருக்குக் கும்பிடு போட, அவரை நிறுத்தி வண்டியை டவுனில் விடச் சொன்னார்.

“மாஸ்டருக்கு என்னாங்க?” என்று டிராக்டர்காரர் கேட்டார்.

“வலிப்புங்க” என்றார் டாக்டர்.

“அப்பிடிங்களா” என்று சொல்லிவிட்டு அவர் முதல் கியரைப் போட்டார்.

டவுனுக்குள் வந்ததும் நான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். கூலிங் கிளாஸ், மடிப்பு, மாஸ்டர் எல்லாம் எங்கே போயிற்றோ. “முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க சார். இந்த வேலையை வுட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது” என்றேன்.

“நானாப் போய்ச் சொல்ல மாட்டேங்க” என்றார். “ஆனா கேட்டா சொல்லுவேன். அதுக்கு முன்னால நீங்களே சொல்லிருங்க தம்பி” என்றார். “இந்த வாரம் மாத்திரை எத்தனை நாள் போட்டீங்க?”

“எல்லா நாளும்” என்றேன். என் பாக்கெட்டில் அந்தப் பேப்பர் மடிப்பு அப்படியே இருந்தது.

அதிலிருந்து ஒன்பது நாட்கள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலாளி அவரிடம் எதுவும் கேட்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே. “என்ன டாக்டர், எப்படிப் போகுது?” என்று முதலாளி வாயெடுத்தால், “நல்லாப் போகுதுங்க, நேத்து ரிவர்ஸ் எடுத்தாரு” என்று நான் முந்திக்கொள்வேன். “நம்ம மாஸ்டர் எப்படி…” என்று ஆரம்பித்தால், “பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்” என்று டாக்டரை வாசலுக்குத் தள்ளுவேன். அவர் தள்ளுகிற பக்கம் போவார். ஆனால் வாசலில் நின்று, “இன்னும் சொல்லலீங்களா?” என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். நாளைக்கு என்பேன். எனக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபமாக வந்தது!

பத்தாம் நாள் லைசென்ஸ் பாரம் எழுதுகிற நாள். எங்கள் ஸ்கூலில் எல்லாருடைய பாரத்தையும் நான்தான் எழுதுவேன். மயக்கம் உண்டா, இல்லை. வலிப்பு உண்டா, இல்லை. கண் குறை, காது குறை, இல்லை, இல்லை. பேனாவைத் தூக்காமல் ஒரே வரிசையாக எழுதிப் போவேன். அதில் கையெழுத்துப் போட ஒரு டாக்டர் இருந்தார், மனித டாக்டர். அவர் ஆளை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. எங்கள் பாரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் தர்மபுரி மாவட்டத்தில் ஒருவருக்கும் சளிகூடப் பிடித்ததில்லை.

மாட்டு டாக்டர், “நான் எழுதிக்கறேங்க” என்று பாரத்தை வாங்கிக்கொண்டார். கேட்ட ஒவ்வொன்றுக்கும் எழுதினார். இடம் போதாமல் ஓரத்தில் எழுதி, பின்பக்கம் திருப்பியும் எழுதினார். சோளக் காட்டில் விழுந்தது முதல் வெல்லம் வரை எல்லாம் இருந்தது. முதலாளி அதை வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“என்ன சார் இது! இதை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நீட்டினா, எங்க ஸ்கூல் பாரத்தையே தொட மாட்டாங்க. ஒரு வார்த்தை, இல்லைன்னு எழுதிட்டுப் போறதுக்கு என்னா சார்?”

“கேட்டிருக்காங்களேங்க” என்றார் டாக்டர்.

“எல்லாருந்தான் இல்லைன்னு எழுதறாங்க. இல்லாதவங்களும் எழுதறாங்க, இருக்கறவங்களும் எழுதறாங்க. சரி, வுடுங்க, உங்களுக்கு நோவு இருக்குது. ஓட்டறதுன்னா ஒடம்பு எப்படி இருக்கோணும்னு பாருங்க” என்று முதலாளி பெருமையோடு என் முதுகில் தட்டினார். “நம்ம மாஸ்டரைப் பாருங்க. இவருக்கு ஒரு நோய் நொடி உண்டா, சொல்லுங்க பார்க்கலாம்?”

முதலாளி பேச்சுக்குக் கேட்டார். உலகத்தில் வேறு எவனாக இருந்தாலும் சிரித்திருப்பான். டாக்டர் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று நிஜமாகவே காத்திருந்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அதில் முந்தின நாள் தேதியைக் கிழிக்க மறந்திருந்தார்கள்.

“உண்டுங்க” என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலமே வேலை போயிற்று. முதலாளியை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் என்னைவிட அதிகமாகப் பயந்துபோனார். என் ஆத்திரமெல்லாம் டாக்டர் மேல்தான். பஸ் ஸ்டாண்டில் தேடிப் பிடித்து, பத்துப் பேர் பார்க்கக் கத்தினேன். “உன் வாயால என் சோறு போச்சுய்யா! நீ நெசம் பேசறதுக்கு என் பொழப்பக் கெடுத்தியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?” என்றேன். அவர் மாத்திரைப் பேச்சு, ஏரிப் பேச்சு எதையும் எடுக்கவில்லை. கத்தி முடிக்கும் வரை நின்று கேட்டார்.

“ஆமாங்க தம்பி, என்னாலதான் போச்சு” என்றார். கண் கலங்கியிருந்தது. அதைக்கூட மறைக்கத் தெரியாத ஆள்.

மூன்று வாரம் கழித்து, காலை ஏழு மணிக்கு, அதே பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எனக்கு வலிப்பு வந்தது. பெஞ்சிலிருந்து விழுந்தேன், உதடு கிழிந்தது, ஒரு கிளாஸ் உடைந்தது. அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்து வாயைக் கழுவும்போது ஞாபகம் வந்தது. காலை ஏழு மணி என்பது ஒரு டீச்சரம்மாவுக்கு நான் பாடம் சொல்லித் தந்த நேரம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், பின் சீட்டில் தங்கை மடியில் குழந்தையைப் படுக்க வைத்துக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் நாங்கள் சேலம் ரோட்டில் இருப்போம். அந்த அம்மாவுக்கு ஹேண்ட்பிரேக் எங்கே இருக்கிறது என்றே நான் இன்னும் காட்டியிருக்கவில்லை. அப்போதும் டாக்டர் மேல் எனக்கு நன்றி வந்தது என்று சொன்னால் பொய். இன்னும் கொஞ்சம் ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அன்றிலிருந்து மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்தேன்.

பிறகு கம்பைநல்லூரில் மச்சானின் தவிடு, புண்ணாக்குக் கடையில் உட்கார்ந்தேன். போயும் போயும் அவர் ஊர். அவர் கதை தினமும் காதில் விழும். அந்தப் பாரத்தை அப்படியே கொடுத்து, திருப்பி அனுப்பப்பட்டு, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்கு தடவை நடந்து, இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, அதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார், ஓட்டலாம் என்று எழுதி வாங்கி வந்தாராம். எட்டு மாதம் ஆயிற்று. டெஸ்ட்டில் அதிகாரி எட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். பாதி எட்டில் யாரோ வேலிக்கு வெளியே கும்பிட, இவர் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை அணைத்துப் பதில் வணக்கம் வைத்தாராம். ஃபெயில். அடுத்த மாதம் பாஸ்.

அவசரமாக மாடு பார்க்கப் போகும்போது, மாட்டுக்காரர் ஜீப்பின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு, “யாரும் டாக்டரக் கும்புடாதீங்க! எம் மாடு சாவக் கெடக்குது!” என்று கத்திக்கொண்டே போவார். கடைத் தெருவே கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். எவ்வளவு பெரிய மரியாதை பாருங்கள். திரும்பி வரும்போது எல்லாருமாகக் கும்பிடுவார்கள், அவர் ஒவ்வொரு கடைக்கும் நின்று நின்று வருவார். இத்தினி நேரம் எங்க இருந்தீங்க என்று அப்புறம் அவரை யாரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அவர் ஜீப் கடையைத் தாண்டும்போதெல்லாம் நான் மூட்டைக்குள் தலையை விட்டுக்கொள்வேன். ஒன்றரை வருஷம் அப்படியே தவிட்டைப் பார்த்தேன். அவரும் நிற்கவில்லை. யாரும் கும்பிடாமல் நிற்பதற்கு அவர் நோட்டில் விதி இல்லை.

ஒரு நாள் காலை ஜீப் திரும்பி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் தொங்கவில்லை. அவர் உதடு அசைவது தெரிந்தது. முன்னால் என்ன, இடது பக்கம் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஏன் கடையை விட்டு இறங்கினேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தவிடு ஒட்டிய இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

கை வெளியே நீண்டது. ஜீப் ஓரங்கட்டியது. நியூட்ரல். ஹேண்ட்பிரேக் கரகரவென்று ஏறியது. சாவி திரும்பியது. நான் கேலிக்குச் சொல்லிக்கொடுத்த ஐந்தும் ஒன்றுகூடக் குறையாமல் முடிந்த பிறகு, இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே வந்து கூடின. தலையும் குனிந்தது.

பின்னால் வந்த டவுன் பஸ் குறுகலான தெருவில் தாண்ட முடியாமல், முட்டுகிற மாதிரி நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, “யோவ், வண்டி ஓட்டறியா, கோயில்ல நிக்கறியா?” என்று கத்தினார்.

“வண்டிதாங்க” என்று டாக்டர் திரும்பிப் பதில் சொன்னார். பிறகு என்னிடம், “ஒடம்பு எப்படி இருக்குதுங்க தம்பி?” என்றார்.

என் வாய் தன்னால், “ஒண்ணும்…” என்று ஆரம்பித்தது. நிறுத்தினேன். அவர் காத்திருந்தார். பஸ் ஹாரன் அடித்தது. கடைத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

“வலிப்பு வந்து பதினோரு மாசம் ஆச்சுங்க” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “மாத்திரை தெனமும் போடறேன். போன வாரம் ஒரு நாள் மறந்துட்டேன்.”

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சாவியைத் திருப்பினார். “முன்னால ஒண்ணும் இல்ல. எடது பக்கம் மாஸ்டர். கண்ணாடி. பின்னால பஸ், ரொம்பக் கோவமா இருக்குது” என்று சொல்லிக்கொண்டே ஹேண்ட்பிரேக்கை இறக்கினார்.